சந்திராஷ்டமம், பதிப்பு ஐந்து

டிசம்பர் 1, ஞாயிறு

எலினா எங்கள் எல்லோரையும் பணிக்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். எஸ்தோனியாவில் இருக்கும் எலினாதான் ‘ஓலை’ என்ற நாள்காட்டி ஆப்பின் முதன்மைப் பொறுப்பாளர். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், யாரும் அதன் நிரலைத் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்ற வகை ஆப் அது. அதை ஒட்டி, கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களாக நாற்பத்திரண்டு செருகுநிரல்கள் இருக்கின்றன. ஐஸ்லாந்து விடுமுறை நாட்களுக்கு ஒன்று, கடல் ஏற்றவற்றத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார். தமிழ்ப் பஞ்சாங்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பணிக்குறிப்பில் எழுதக்கூடியதை அங்கே எழுதிவிட்டேன். மற்றது இந்த ரெக்கார்டு நோட்டில்.

என் பெயர் இங்கர்சால், கடவுள் மறுப்புப் பேசிய ஓர் அமெரிக்கரின் பெயர். திருச்சி உறையூர், பாலிடெக்னிக்கில் கணினி விரிவுரையாளர், வயது ஐம்பத்து நான்கு. என் அப்பா கறுப்புச் சட்டை தவிர வேறு சட்டை வாங்கியதில்லை. தினசரி காலண்டர் வாங்கினால் நல்ல நேரம் அச்சிட்ட அடிப்பகுதியை முந்நூற்று அறுபத்தைந்து தாளிலும் கத்தரித்துவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவார். அந்த வீட்டிலிருந்து வந்தவன் ராகுகாலம் காட்டும் செருகுநிரலை எப்படிப் பராமரிக்கிறான் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது என்பது காரணமாக இருக்கலாம்.

பதில் இதுதான். நான் முதலில் எழுதியது சூரிய உதயம், அஸ்தமனம் காட்டும் செருகுநிரல். அறிவியல். விருதுநகர்க்காரர் ஒருவர் அதன் மேல் ராகுகாலம், திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் கட்டினார். பிறகு அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஆளைக் காணவில்லை. அடித்தளம் என்னுடையது என்பதால் மேல்மாடியும் என் தலையில் விழுந்தது. பகலை எட்டாக வகுத்தால் ராகுகாலம். நான் வகுக்கிறேன். நம்புவது பயன்படுத்துகிறவர்கள் பாடு. தளத்தில் என் பெயர் ‘எட்டிலொன்று’. பதினோராயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு செய்தி. என் மகள் நன்முல்லைக்கு பிப்ரவரி 9 அன்று திருமணம்.

டிசம்பர் 4, புதன்

மண்டபத்துக்காரரிடம் பேசினேன். முதல் நாள் மாலையிலிருந்து நமக்கு. ஜெனரேட்டர் உண்டு. ஓடுமா என்று கேட்டதற்கு, உண்டு என்று மறுபடியும் சொன்னார்.

டிசம்பர் 8, ஞாயிறு

மாப்பிள்ளை சபரிநாதன். சென்னையில் நன்முல்லையோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர், நல்ல பையன். நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் பார்த்ததில்லை. பிப்ரவரி 20 அன்று தோஹாவுக்கு விமானம் ஏறுகிறார், இரண்டு ஆண்டு ஒப்பந்தம். நன்முல்லையும் கூடப் போவதற்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். அதனால் இந்தத் தேதி தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையின் தாய்மாமன்கள் அது தவறட்டும் என்று காத்திருப்பதாகக் கேள்வி. கடவுள் இல்லை என்கிற வீட்டில் பெண் எடுப்பதா என்று அவர்கள் கேட்கிறார்கள். அதில் ஒருவர் என் பெயரைக் கேட்டுவிட்டு நாங்கள் கிறிஸ்தவர்களா என்றும் விசாரித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா நமச்சிவாயம், லால்குடி, வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒருவர்தான் எல்லோரையும் சமாளித்தார். ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம், தலைமை தாங்க எங்கள் தோழர் ஒருவர் வருவார் என்று நான் அடுக்கியபோது ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில், “எல்லாம் உங்க இஷ்டம் சம்பந்தி. நேரம் மட்டும் எங்களுக்கு விட்டுக்குடுங்க” என்றார். விட்டுக்கொடுத்தேன். ஞாயிறு காலை ஏழரை முதல் ஒன்பது என்று அவர் குறித்தார். எங்கள் பெண்ணுக்கு ஜாதகமே எழுதவில்லை என்பதால் அவர் பார்க்க வேண்டிய கிரகங்களில் பாதி மிச்சம்.

இன்று கட்டில், பீரோ வாங்கப் போனோம். மாலை நான்கு இருபதுக்குப் பணம் கட்டி முடித்துவிட்டு வெளியே வந்தோம். நான் கடைக்காரரை அவசரப்படுத்தியதாக என் மனைவி மங்கை சொன்னாள். வண்டி நிறுத்திய இடம் சரியில்லை, அதுதான்.

டிசம்பர் 15, ஞாயிறு

எலினாவின் அறிவிப்பு. ஜனவரி 31 அன்று ‘ஓலை’யின் ஐந்தாம் பதிப்பு வெளியாகும். ஒவ்வொரு செருகுநிரலும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகளோடு வர வேண்டும். இல்லாதவை பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஒரு செருகுநிரல் தவறாகக் காட்டினால் மக்கள் ஆப்பைத்தான் திட்டுகிறார்கள், என்னை யாரும் திட்டாத ஓர் ஆண்டு எனக்கு வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நியாயம்தான். ஐஸ்லாந்துக்காரர் ஒரே நாளில் முடித்துவிட்டார். அவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து, பதினாறு விடுமுறை.

டிசம்பர் 22, ஞாயிறு

அழைப்பிதழ் மாதிரி பார்க்க நமச்சிவாயம் வந்திருந்தார். ‘சுபமுகூர்த்தம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு நேரத்தை மட்டும் போடச் சொன்னேன். சரி என்றார். எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. காபி குடிக்கும்போது போனை எடுத்து ஓர் ஆப்பைக் காட்டினார். ஓலை. பஞ்சாங்கப் பக்கம் திறந்திருந்தது.

நாற்பது ஆண்டுகளாக அச்சுப் பஞ்சாங்கம்தான் பார்த்தாராம். இப்போது இது. இதைச் செய்கிறவர் பெரிய நிபுணராக இருக்க வேண்டும், கேட்ட கேள்விக்கு ஒரே நிமிடத்தில் பதில் போட்டார் என்றார். நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். நன்முல்லை சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

ராகுகாலச் சோதனைகள் முடிந்தன. எல்லாம் தேறின. அழைப்பிதழ் அறுநூறு வந்தது. மஞ்சள் தடவ வேண்டாம் என்று நான் சொல்லியும் லால்குடிக்குப் போகும் முந்நூற்றுக்கு மங்கை தடவிவிட்டாள்.

ஜனவரி 11, சனி

இன்று சந்திராஷ்டமச் சோதனை. ஒருவருடைய ராசிக்கு எட்டாவது ராசியில் நிலவு இருக்கும் இரண்டேகால் நாள்தான் சந்திராஷ்டமம். அந்த நாட்களில் அவருக்கு எதுவும் உருப்படாது என்பது நம்பிக்கை. நிலவு ராசி மாறுவது வானியல். உருப்படாது என்பது என் துறை இல்லை.

சோதனைக்கு ஏதாவது ஒரு தேதி வேண்டும். மனதில் இருந்த ஒரே தேதி பிப்ரவரி 9. ராசி வேண்டும். மாப்பிள்ளைக்கு விருச்சிகம் என்று அவர் அப்பா சொல்லியிருந்தார். விருச்சிகத்துக்கு எட்டு மிதுனம். நிலவு மிதுனத்துக்குள் நுழைவது அன்று பகல் பதினொன்று நாற்பது என்று செருகுநிரல் காட்டியது. கல்யாணம் ஒன்பதுக்குள் முடிகிறது. அதைப் பார்த்துத்தான் அவர் குறித்திருக்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க நிலவின் இருப்பிடத்தை விண்வெளி ஆய்வு அட்டவணையிலிருந்து எடுத்துக் கையால் கணக்குப் போட்டேன். காலை ஆறு பத்து என்று வந்தது.

மறுபடி போட்டேன். ஆறு பத்து.

வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். ஐந்தரை மணி நேரம் என்பது நம் நாட்டுக் கடிகாரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி. போன ஆண்டு மே மாதப் பதிப்பில் எலினா முதன்மை நிரலை மாற்றியிருக்கிறார், நேரத்தை உள்ளூர் நேரமாக்கியே செருகுநிரலுக்குத் தருகிறது. அது தெரியாமல் என் நிரல் இன்னொரு ஐந்தரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றம் பற்றிய அறிவிப்பு எனக்கு வந்திருக்கிறது. முதல் பத்தியைப் படித்ததாக ஞாபகம். இந்தச் செய்தி மூன்றாவது பத்தியில் இருக்கிறது.

எட்டு மாதமாகப் பதினோராயிரம் பேருக்குத் தவறான நேரம். அதில் ஒருவர் அதை வைத்து என் மகளின் கல்யாணத்தைக் குறித்திருக்கிறார்.

ஜனவரி 12, ஞாயிறு

நிதானமாக யோசித்தேன்.

சந்திராஷ்டமம் என்று ஒன்று கிடையாது. நிலவு தன் பாட்டுக்குச் சுற்றுகிறது. இல்லாத ஒன்றின் நேரத்தைத் தவறாகக் காட்டியதால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. ஆகவே பிப்ரவரி 9 காலை ஏழரை மணிக்குச் சபரிநாதனுக்கு ஒன்றும் ஆகாது.

செருகுநிரல் சந்திராஷ்டமத்தைச் சிவப்பிலும் மற்ற நேரத்தைப் பச்சையிலும் காட்டும். பிழையை இன்றே திருத்தி வெளியிட்டால் நமச்சிவாயத்தின் போனில் அன்று காலை ஆறு பத்திலிருந்தே சிவப்பாக மாறிவிடும். அவர் தினமும் பார்க்கிறவர். தேதியை மாற்றச் சொல்வார். தை போனால் மண்டபம் இல்லை, பையன் தோஹாவில், தாய்மாமன்கள் திண்டில் சாய்ந்துகொண்டு சிரிப்பார்கள். பிப்ரவரி 10 அன்று திருத்தி வெளியிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

இதில் எந்தத் தவறும் எனக்குப் புலப்படவில்லை. இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை, அதற்குக் காரணம் மாவு புளித்திருந்தது.

ஜனவரி 13, திங்கள்

எட்டு மாதமாக ஒருவர்கூடவா முறையிடவில்லை என்று பழைய புகார்களைத் திறந்தேன். பதினான்கு பேர் முறையிட்டிருக்கிறார்கள். பதினான்கையும் நான்தான் மூடியிருக்கிறேன்.

பஞ்சாங்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் நேரத்தில் சில மணி நேரம் வேறுபடும், இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் ஏற்பதில்லை. அது பற்றிய சண்டை வாரம் ஒருமுறை என் தளத்தில் நடக்கும். சலித்துப்போய் ஒரு பதிலை நிரந்தரமாக எழுதி வைத்தேன்: ‘இது பிழை அல்ல. இரு பஞ்சாங்க முறைகளுக்கு இடையிலான வேறுபாடு. எங்கள் கணக்கை நம்பலாம்.’ நேரம் தவறு என்று யார் எழுதினாலும் அதை ஒட்டிவிட்டு மூடிவிடுவேன். முழுக்கப் படிப்பதில்லை. மூடநம்பிக்கைக்காரர்களின் பங்காளிச் சண்டையில் எனக்கென்ன என்ற நினைப்பு. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இன்று படித்தேன். கிள்ளானிலிருந்து ஒரு பெண், மலேசியாவில் எட்டு மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறார். லண்டன்காரர் ஒருவர் குளிர்காலத்தில் தனக்குச் சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். எந்தப் பஞ்சாங்க முறையும் ஊருக்கு ஊர் இப்படி மாறாது. என் முதலாண்டு மாணவன்கூட இந்த இரண்டு வரியில் பிழையைக் கண்டுபிடித்திருப்பான்.

பதினோராவது கடிதம் அக்டோபரில் வந்தது. அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். வரும் பிப்ரவரி 9 அன்று விருச்சிக ராசிக்குச் சந்திராஷ்டமம் என் கைவசமுள்ள பஞ்சாங்கத்தில் காலை 6.10க்குத் தொடங்குவதாக உள்ளது. தங்கள் செயலியில் 11.40 என்று உள்ளது. எதை ஏற்பது என்று தயவுசெய்து தெரிவிக்கவும். அன்று காலை என் ஒரே மகனின் திருமணத்தை வைக்க எண்ணம். இவண், சு. நமச்சிவாயம், லால்குடி.’

கீழே என் பதில். எங்கள் கணக்கை நம்பலாம். ஒரு நிமிடத்துக்குள் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. என்னைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று மூன்று பேர் கேட்டார்கள்.

ஜனவரி 17, வெள்ளி

எலினாவுக்கு எழுதினேன். முழு விவரம் சொல்லவில்லை, சந்திராஷ்டமப் பகுதியில் ஒரு பிழை இருக்கிறது, குடும்ப நிகழ்ச்சி இருக்கிறது, என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டேன். அவர் பெருந்தன்மையானவர். சந்திராஷ்டமம் என்பது ஏதோ அரசு விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பிப்ரவரி 15 வரை உனக்கு விலக்கு, பழைய பதிப்பு அப்படியே ஓடட்டும், மகளுக்கு வாழ்த்து என்றார்.

இப்போது தாமதிக்க எனக்கு முறையான அனுமதியே இருக்கிறது. அதை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த அக்டோபர் கடிதத்தில் ‘ஒரே மகன்’ என்று இருந்தது நினைவுக்கு வந்தது. அவர் சரியான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்டார். நான் அதைப் பிடுங்கித் தவறானதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ராசியில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது இதில் எங்கே வருகிறது என்று தேடிப் பார்த்தேன். வரவில்லை.

ஜனவரி 18, சனி

நன்முல்லை சென்னையிலிருந்து வந்தாள். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன், செருகுநிரல், எட்டிலொன்று, ஒன்பது ஆண்டு, எல்லாம். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

“தெரியும்ப்பா. காலேஜ் படிக்கறப்பவே உங்க லேப்டாப்ல பாத்திருக்கேன். மாமா போன்ல அந்த ஆப்ப போட்டதே நான்தான்” என்றாள்.

ஏன் போட்டாள் என்று கேட்டேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை, இதாவது இருக்கட்டும் என்று நினைத்தாளாம்.

பிறகு பிழையைச் சொன்னேன். ஆறு பத்து என்றேன். அவள் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தேதி போனால் அவள் கல்யாணம் போகும் என்பது என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். பத்தாம் தேதி வரை பொறுத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டால் பொறுத்துக்கொள்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

“மாமா வீட்ல போயி நான் வாழணும்ப்பா. காலம் பூரா அவர் மூஞ்சில முழிக்கணும்” என்றாள். அழுதாள். நானும்.

ஜனவரி 19, ஞாயிறு

லால்குடி போனேன், பஸ்ஸில். கணக்குப் போட்ட தாள்களைக் கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டேன். வாங்க சம்பந்தி என்று வாசலுக்கே வந்துவிட்டார். சொல்லும்வரை காபி வேண்டாம் என்றேன்.

சொன்னேன். முடித்ததும் உள்ளே போய் ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள். என் பதிலை அச்செடுத்து வைத்திருந்தார். தாய்மாமன்கள் ஆறு பத்து என்று வாதாடியபோது, நிபுணரே சொல்லிவிட்டார் என்று இந்தத் தாளைக் காட்டித்தான் அவர்கள் வாயை அடைத்தாராம்.

“நாப்பது வருஷமா பாத்த பஞ்சாங்கத்த பரண்ல போட்டுட்டு உங்க ஒரு வரிய நம்புனேன் சம்பந்தி” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

மன்னிப்புக் கேட்டேன். நம்பிக்கையே இல்லாத நீங்கள் இதை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டார். பகலை எட்டாக வகுப்பது பற்றிய என் பதில் தயாராக இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார், அது வாயில் வரவில்லை. காலையில் எழுந்தால் எங்கோ யாரோ அதைப் பார்த்துத்தான் வெளியே கிளம்புகிறார்கள், அப்படியிருக்கும்போது அதை விட்டுவிட முடியவில்லை என்று சொன்னேன். எனக்கே புதிதாக இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். காபி கொடுத்தார்கள். அவர் எனக்கு எதிரே உட்காரவில்லை.

திரும்பி வந்ததும் திருத்தத்தை வெளியிட்டேன். பதினான்கு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். எட்டு மாதமாகத் தவறு என்னுடையது என்று பொது அறிவிப்பும் போட்டேன். கீழே எட்டிலொன்று என்று கையெழுத்திட்டு, அதை அழித்துவிட்டு இங்கர்சால் என்று போட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

அழைப்பு இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

அழைப்பு இல்லை. மண்டபத்துக்காரர் மட்டும் அழைத்தார். ஜெனரேட்டர் ஓடுகிறதாம். மங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கோபம் பிழையால் இல்லை. மகளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போனதால்.

ஜனவரி 22, புதன்

காலை ஒன்பதரைக்கு நமச்சிவாயம் அழைத்தார். புதன்கிழமை எமகண்டம் முடியட்டும் என்று காத்திருந்திருப்பார்.

“நாள மாத்த வேணாம் சம்பந்தி. நாலரைலேர்ந்து ஆறு பிரம்ம முகூர்த்தம். ஆறு பத்துக்கு முன்னாடி முடிச்சிடலாம். உங்க ஆளுங்க எந்திரிப்பாங்களா?” என்றார்.

எழுப்புகிறேன் என்றேன். போனை வைத்ததும் வகுப்பை அரைமணி முன்னதாக விட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

தலைமை தாங்கப்போகும் தோழர் செம்பரிதியின் வீட்டுக்குப் போனேன். அப்பாவோடு சிறை போனவர், எழுபத்தெட்டு வயது. என் கல்யாணத்தையும் அவர்தான் நடத்தி வைத்தார். காலை ஐந்து மணிக்கு வர வேண்டும் என்றதும் ஏன் என்று கேட்டார். வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றேன். பிப்ரவரியில் என்ன வெயில் என்றார். மண்டபத்தில் அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது என்றேன். எனக்குப் பொய் சரியாக வருவதில்லை. அவர் அரைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

மிச்சமிருக்கும் அழைப்பிதழ்களில் புது நேரத்தை ஒட்டினோம். இருநூற்று நாற்பது. ஏற்கெனவே கொடுத்தவர்களுக்குப் போன். அதிகாலை என்றதும் பாதிப்பேர் டிபனுக்கு வந்துவிடுகிறோம் என்றார்கள். மங்கை பேச ஆரம்பித்துவிட்டாள். ஒட்டியது கோணலாக இருக்கிறது என்பது முதல் வாக்கியம்.

ஜனவரி 31, வெள்ளி

ஐந்தாம் பதிப்பு வெளியானது. நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது செருகுநிரல்கள் தேறின. என்னுடையதும். கடல் ஏற்றவற்றக்காரர் தேறவில்லை, அவருக்காக வருத்தப்பட்டேன். கிள்ளான் பெண் பதில் போட்டிருந்தார்: ‘இப்போது சரியாக இருக்கிறது. எட்டு மாதம் முன்பே சொன்னேன்.’ மறுக்க ஒன்றுமில்லை.

பிப்ரவரி 8, சனி

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். வாழைமரம் வந்துவிட்டது. ஜெனரேட்டர் ஓடவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கே இருநூறு பேர் வந்துவிட்டார்கள். லால்குடிக்காரர்கள் குளித்து, பூ வைத்து, பளிச்சென்று முன்வரிசையில். எங்கள் ஆட்கள் பின்வரிசையில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூக்கம். மைக் வேலை செய்ய ஐந்து இருபத்தைந்து ஆனது. செம்பரிதி பேச எழுந்தார்.

நன்றாகப் பேசினார். சுயமரியாதைத் திருமணம் எப்படி வந்தது என்று தொடங்கி, சட்டம் ஆன கதைக்கு வந்தபோது ஐந்து நாற்பது. பெண் விடுதலைக்கு வந்தபோது ஐந்து நாற்பத்தேழு. நாள், கோள், நேரம் என்று மனிதனை அடிமைப்படுத்தியவர்கள் என்று ஆரம்பித்தபோது ஐந்து ஐம்பது. அது அவருக்கு அரைமணி நேரத் தலைப்பு. எனக்குத் தெரியும், சிறு வயதிலிருந்து கேட்டவன்.

நமச்சிவாயம் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தாய்மாமன் ஒருவர் எழுந்து வந்து காதில் ஏதோ சொன்னபோது அவரைக் கையமர்த்தி உட்கார வைத்தார். மடியில் இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தன்னைத் திட்டும் பேச்சை மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். நன்முல்லை மாலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து போய்ச் செம்பரிதியின் கையைத் தொட்டேன். மீதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம் தோழர் என்றேன். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

“நேரம் பாக்குறியா இங்கர்சால்?”

“ஆமா தோழர்.”

ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் நான் அவரிடம் சொன்ன மிகச் சிறிய வாக்கியம் அதுதான். அவர் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு மாலைகளை எடுத்துக் கொடுத்தார். ஐந்து ஐம்பத்தேழுக்கு மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி, தாலியும் கட்டியாயிற்று. நாதஸ்வரக்காரர் தூங்கிவிட்டார், கைதட்டினோம். செம்பரிதி சாப்பிடாமல் கிளம்பினார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். உன் அப்பா இருந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டார். அது வலித்தது. இன்னும் வலிக்கிறது.

திரும்பி உள்ளே வந்தபோது பந்தி ஆரம்பித்திருந்தது. மேடையில் ஒருவரும் இல்லை, நமச்சிவாயம் மட்டும் அதே இடத்தில். பக்கத்து நாற்காலியைத் தட்டி என்னை உட்காரச் சொன்னார். போனில் ஓலையைத் திறந்து வைத்திருந்தார். விருச்சிகம். பச்சை. மணி ஆறு எட்டு.

“மாறுதான்னு பாப்போம் சம்பந்தி” என்றார்.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு ஒன்பது. சோதனைகள் எல்லாம் தேறிய நிரல் அது, அதில் தவறு வர வழியே இல்லை. ஆனால் இவர் ஒருமுறை என்னை நம்பி ஏமாந்தவர், இப்போது மறுபடியும் நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஒரு நிமிடம் நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று தெரியவில்லை.

“வந்துடுச்சு” என்று அவர் என் முழங்காலைத் தட்டினார்.